சரியான விடைக்கு நான் போட்ட பூஜ்யம்

சரி என்று தெரிந்தே ஒரு விடைக்கு நான் பூஜ்யம் போட்டேன். ஒன்பதாம் வகுப்பு, காலாண்டுத் தேர்வு, கணக்கில் ஐந்து மதிப்பெண் கேள்வி. எழுதியவள் ஒரு மாணவி, திருத்தியவன் நான். அவசரத்தில் நேர்ந்த பிழை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அந்த விடையை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்து முடித்தபோது அதில் தப்பில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதன் பிறகுதான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கம்பைநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் ஓர் ஊரில், அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியனாக இருந்தேன். பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளி. இப்போது எழுபதை நெருங்கிவிட்டேன். நான் செய்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த வகுப்பில் வடிவியல் எப்படி நடந்தது என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண் எழுதியது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியாது.

ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையில் ஒரு சதுரம் வரைவேன். இது என்ன என்று கேட்டால் மொத்த வகுப்பும் "சதுரம் சார்" என்று கத்தும். பக்கத்திலேயே அதே சதுரத்தை, ஒரு முனை கீழே வரும்படி சாய்த்து வரைவேன்.

"டைமண்ட் சார்!"

"ரெண்டும் ஒண்ணுதான்டா. வந்து அளந்து பாரு."

ஒருவன் வந்து பெரிய அளவுகோலை வைத்து நான்கு பக்கமும் அளப்பான். "எல்லாம் ஒரே அளவுதான் சார்."

"மூலை?"

"மூலையும் நேராத்தான் இருக்குது."

"அப்ப இது என்ன?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வான்: "ஒரே அளவு டைமண்ட் சார்."

வகுப்பு சிரிக்காது. அவன் சொன்னது அவர்களுக்குச் சரியாகவே பட்டிருக்கும். பிள்ளைகள் உருவங்களை ஆட்களின் முகத்தைப் போலத்தான் அறிந்திருந்தார்கள். நேராக நின்றால் சதுரம், சாய்ந்தால் வேறு ஆள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. ஓர் உருவத்தை அதன் முகத்தால் அறிவது முதல் படி. அதன் குணங்களால் அறிவது அடுத்த படி. ஒரு குணத்திலிருந்து இன்னொரு குணம் எப்படி வருகிறது என்று சொல்வது அதற்கும் அடுத்த படி. தேற்றம் என்பது அந்த மூன்றாவது படியில் இருக்கிறது. இரண்டாவது படியில் கால் வைக்காத பிள்ளைகளை நான் மூன்றாவதில் நிற்கச் சொன்னேன். ஒரு மாதம் தாளை வெட்டவும் மடிக்கவும் திருப்பவும் விட்டிருந்தால் பாதிப் பேராவது ஏறியிருப்பார்கள். இது எனக்கு அன்றைக்கே தெரியும். பாடத்தை முடிக்க வேண்டும் என்ற ஒரு சாக்கு எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது.

எனவே மனப்பாடம். தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று நான்கு தலைப்பு. நிரூபணத்துக்குள் இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் காரணம், நடுவில் கோடு. நான் எழுதிப் போட்டதை அவர்கள் ஒப்பிப்பார்கள். தேர்வில் சிலர் படமே வரையாமல் "படத்திலிருந்து" என்று ஆரம்பித்து எட்டு வரியும் பிசகாமல் எழுதியிருப்பார்கள். இல்லாத படத்திலிருந்து எல்லாம் சமமாகிவிடும். படத்துக்கு ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டு மீதி நான்கைப் போடுவேன். அப்படி எத்தனை நான்குகள் போட்டிருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

காலாண்டு முடிந்ததும் ஒரு பட்டியல் தயாராகும். நாற்பதுக்குக் கீழே வாங்கியவர்கள் அதில் வருவார்கள். மெல்லக் கற்போர் என்பது காகிதத்தில் உள்ள பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் முப்பத்தஞ்சு பெஞ்சு. அவர்களைச் சுவரோரம் தனியாக உட்கார வைப்போம். தேற்றங்கள் அவர்களுக்குக் கிடையாது. பத்தாம் வகுப்புத் தேர்வில் கவராயத்தை வைத்து வரைகிற செய்முறைக் கேள்வி ஒன்று, வரைபடக் கேள்வி ஒன்று நிச்சயம் வரும். அந்த இரண்டையும் கை பழகும் வரைக்கும் போட வைத்து, கூடவே பத்துப் பதினைந்து சின்னக் கேள்விகளை உருப்போட வைத்தால் முப்பத்தைந்து வந்துவிடும். இரண்டு வருடம் அவர்களுக்கு அதுதான் கணக்கு.

அந்தப் பட்டியலை முழுக்கக் கொடுமை என்றும் சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் பத்தாவது தவறிய பெண்ணுக்கு ஆறு மாதத்தில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். பையன் பெங்களூரில் ஏதாவது ஓட்டலில் தட்டு கழுவப் போவான். பட்டியலில் அதைத் தடுக்கிற இரக்கம் இருந்தது. மாவட்டக் கூட்டத்தில் தேர்ச்சி குறைந்த பள்ளிக்காரர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள் என்ற பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று அப்போது பிரித்துப் பார்த்ததில்லை.

நான் பூஜ்யம் போட்ட அந்தப் பெண்ணின் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்தார். கட்டடங்களுக்குக் கான்கிரீட் போடப் பலகை அடிக்கிற வேலை. திங்கட்கிழமை விடியலில் பஸ் ஏறினால் சனிக்கிழமைதான் வீடு. ஒன்பதாவது தொடக்கத்திலேயே என்னிடம் வந்து கேட்டாள்.

"சார், பாலிடெக்னிக்ல சிவில் எடுக்க கணக்குல எவ்ளோ மார்க் வேணுங்க?"

"எதுக்கு சிவிலு?"

"எங்கப்பாவ வேல வாங்குற எடத்துல, தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறாங்களே சார், அந்த வேலைக்கு."

"தொண்ணூறு வாங்கு, பாக்கலாம்" என்றேன்.

அவளுக்கு இயற்கணிதம் மெதுவாகத்தான் வந்தது. பெரிய கணக்கில் பாதியில் மணி அடித்துவிடும். ஆனால் உருவங்கள் என்று வந்தால் அவள் வேறு மாதிரி. சாய்த்து வரைந்த சதுரத்தைப் பார்த்து டைமண்ட் என்று கத்தாத இரண்டு மூன்று பேரில் அவளும் ஒருத்தி. தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தாள்.

செப்டம்பரில் இணைகரம் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் எழுந்தாள்.

"சார், எதிர்ப் பக்கம் ரெண்டும் இணையா இருந்தா அது இணைகரம். அவ்ளோதானே சார்?"

"ஆமா."

"அப்ப சதுரமும் இணைகரம்தானுங்களே?"

நான் வகுப்புக்கு முதுகைக் காட்டி எழுதிக்கொண்டிருந்தேன். "சதுரம் சதுரம். இணைகரம் இணைகரம். ஒக்காரு."

அவள் உட்காரவில்லை. "சதுரத்துலயும் எதிர்ப் பக்கம் இணையாத்தான சார் இருக்குது?"

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "டேய், சாருக்கே டவுட்டுடா!"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, அதை நான் பார்த்தேன். இருந்தும் அந்தச் சிரிப்பை அவள் கணக்கில்தான் எழுதினேன். அவள் சொன்னதுதான் சரி. மறுநாள் வந்து, நேற்று நான் சொன்னது தப்பு, சதுரமும் ஓர் இணைகரம்தான் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். முப்பது வருட அனுபவம் உள்ள ஓர் ஆசிரியனுக்கு அந்த இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

மூன்று வாரத்தில் காலாண்டு வந்தது. இணைகரத்தின் எதிர்க்கோணங்கள் சமம் என நிறுவுக என்பது கேள்வி. ஆசிரியர் அறையில், ஒரு சனிக்கிழமை மதியம், அவள் தாள் என் கைக்கு வந்தது. தலைப்புகள் இல்லை. நடுக்கோடு இல்லை. படம் மட்டும் சுத்தமாக வரைந்து, கீழே ஏழெட்டு வரி எழுதியிருந்தாள். எனக்கு நினைவிருக்கிற வரை இப்படி:

"மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும் என்று முன்பே நிறுவியிருக்கிறோம். அவை வெட்டும் இடத்தில் ஓர் ஊசியைக் குத்திக்கொண்டு உருவத்தை அரைச்சுற்று சுற்றினால் A இருந்த இடத்துக்கு C வரும், B இருந்த இடத்துக்கு D வரும். ஏனென்றால் ஊசியிலிருந்து இரண்டும் ஒரே தூரம், ஒரே நேர்கோடு. எனவே உருவம் தன்மேலேயே உட்காரும். A கோணத்தின்மேல் C கோணம் உட்கார்ந்தால் இரண்டும் சமம்."

முதல் தடவை படித்தபோது இது நான் கொடுத்த விடை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. இரண்டாவது தடவை ஓட்டை தேடினேன். மூலைவிட்டங்கள் பாதியாக வெட்டும் என்பதை நிறுவ எதிர்க்கோணங்கள் சமம் என்பதையே பயன்படுத்தியிருந்தால், நிறுவ வேண்டியதையே ஆதாரமாக்கிய தப்பு வரும். அதைப் பிடித்துவிடலாம் என்று புத்தகத்தை எடுத்துப் பின்னோக்கிப் போனேன். அப்படி இல்லை. அங்கே எதிர்ப் பக்கங்கள் சமம் என்பது மட்டும்தான் வருகிறது. மூன்றாவது தடவை வரிவரியாகப் படித்தேன். பதினான்கு வயதுப் பெண், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஓர் உருவத்தை மனதுக்குள் சுற்றி, எது எதன்மேல் உட்கார்கிறது என்று பார்த்து, ஏன் உட்கார்கிறது என்றும் சொல்லியிருந்தாள். நான் எந்தப் படியைப் பிள்ளைகள் ஏறவில்லை என்று குறைப்பட்டேனோ அந்தப் படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

பூஜ்யம் போட்டு, வட்டமிட்டேன். அவள் மொத்த மதிப்பெண் முப்பத்தெட்டு. ஐந்தைப் போட்டிருந்தால் நாற்பத்துமூன்று. அந்த ஐந்தால்தான் அவள் பட்டியலுக்குள் வந்தாள்.

தாள் கொடுத்த அன்று அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். அவள் விடையை வகுப்பில் வாசித்தேன். "ஊசி குத்துறாங்களாம், சுத்தி வுடுறாங்களாம். ஏம்மா, இது கணக்கா, இல்ல மாரியம்மன் பண்டிகைல சுத்துற ராட்டினமா?" வகுப்பு குலுங்கியது. ஒரு மாதத்துக்கு முன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அவள்மேல் திருப்பிவிட்டேன்.

அவள் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்க சார் தப்பு?"

"கூற்று எங்க? காரணம் எங்க?"

"காரணம் எழுதியிருக்கேனே சார்."

"கோடு போட்டு எழுதினியா? போய் சொவரோரம் ஒக்காரு."

ஒரு திங்கட்கிழமை அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். பெங்களூர் பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"தனி பெஞ்சுல போட்டுட்டாங்கன்னு பொண்ணு வூட்ல ஒரே அழுவைங்க சார்."

"பாஸாவணுமா, வேணாமா?"

"ஆவணுங்க."

"அப்ப எங்கிட்ட வுட்டுருங்க. நான் பொறுப்பு."

"நீங்க பாத்து எது செஞ்சாலும் செரிங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

பொறுப்பேற்றபடி பாஸ் செய்ய வைத்தேன். அடுத்த இரண்டு வருடம் அவள் சுவரோரம் உட்கார்ந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்தாள். ஒருநாளும் எழுந்து எதையும் கேட்கவில்லை. நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்றே ஆசிரியர் அறையில் பேசினோம். பத்தாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கில் ஐம்பத்தொன்று. அந்த வருடம் பள்ளியில் ஒருவரும் தவறவில்லை, தலைமை ஆசிரியர் லட்டு வாங்கிக் கொடுத்தார். பாலிடெக்னிக்கில் அவளுக்குச் சிவில் கிடைக்கவில்லை. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு இல்லாத ஒரு பிரிவில் சேர்ந்தாள், பன்னிரண்டாவதோடு நின்றாள், இண்டூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போனாள் என்பதெல்லாம் காதில் விழுந்தது. நான் ஓய்வு பெற்றுத் தருமபுரியில் வீடு கட்டிக்கொண்டேன்.

போன வருடம் ஜூலையில் நண்பர் ஒருவர், இண்டூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கிறது, ஒரு பெண் தன்னார்வலராக நடத்துகிறாள், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன் என்றார். போனேன். சமுதாயக் கூடத்தில் இருபது பிள்ளைகள். நடத்திக்கொண்டிருந்தவள் அவள்தான். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"சார், என்னத் தெரியுதுங்களா?" என்றாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இந்த சார் மட்டும் இல்லன்னா அக்கா பத்தாவதே தாண்டியிருக்க மாட்டேன். எல்லாரும் கை தட்டுங்க" என்றாள். தட்டினார்கள். கேலி துளிகூட இல்லை. நிஜமான நன்றி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பதும் பத்தும் படிக்கிற ஐந்து பிள்ளைகளைத் தனியாக வைத்திருந்தாள். அவர்கள் பள்ளியில் அவர்களும் பட்டியலில் இருக்கிறவர்கள்.

"இந்த மூணு பக்கத்தயும் மடிச்சு வெச்சிருங்க. தேற்றமெல்லாம் நமக்கு வராது. படம் போடறதயும் கிராஃபயும் கெட்டியா புடிச்சிக்கிட்டா போதும், பாஸ்."

ஒரு சிறுமி கேட்டாள்: "ஏங்க்கா நமக்கு வராது?"

"எனக்கே வரலடி. உனக்கு வருதாக்கும்!"

பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். ஒரு பெண்ணைச் சுவரோரம் உட்கார வைத்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் தன் பக்கத்தில் ஐந்து பேருக்கு இடம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சாக்கு விரித்துப் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

"ஒம்பதாவதுல நீ ஒரு விடை எழுதின, இணைகரத்துக்கு" என்றேன்.

"அந்த ராட்டினம்ங்களா சார்?" என்று சிரித்தாள்.

"அது சரிம்மா."

"எது சார்?"

"நீ எழுதினது. அது சரியான விடை. அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பூஜ்யம் போட்டேன்."

அவள் கையிலிருந்த புளியைச் சாக்கில் வைத்தாள்.

"ரெண்டு வருசம் பசங்க என்ன ராட்டினம்ன்னு கூப்ட்டாங்க. அது தெரியுமா சார்?"

"தெரியும்."

"அதுவும் தெரியுமா?"

"தெரியும்மா."

"செரி. எதுக்கு சார் போட்டீங்க?"

சதுரம் பற்றி அவள் கேட்டதையும், வகுப்பு சிரித்ததையும் சொன்னேன். அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. "அதுக்கா?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு முன் நான் ரொம்பச் சின்னவனாகிப் போனேன்.

"இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க சார்? தூக்கம் வரலைங்களா?"

"ஆமாம்மா."

"இனிமே எனக்கு வராதே சார்" என்றாள். மறுபடி புளியை எடுத்தாள். நான் போகலாம் என்று அதற்குப் பொருள். எழுந்து வந்தேன்.

வகுப்பின் நடுவில் செய்த தப்பை அதே வகுப்பின் நடுவில்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அந்த வருடப் பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். என்னையும் சேர்த்திருந்தார்கள், அவளும் அதில் இருந்தாள். எழுதுவதற்கு முன் அவளிடம் அனுமதி கேட்டேன். "உங்க இஷ்டம் சார்" என்று மட்டும் பதில் வந்தது. அவள் விடையை முழுதாக எழுதி, அது ஏன் சரி என்று விளக்கி, நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லி, அவளிடமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கும்பிடு கும்பிடாக வந்து விழுந்தது. "இதுக்கு பெரிய மனசு வேணும் சார்." "உங்கள மாதிரி ஆசிரியர் இனி கிடைக்கமாட்டாங்க." அன்றைக்குக் கடைசிப் பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தவன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். "சார், எனக்கும் ஒரு ரெண்டு மார்க் சேத்துப் போட்டு வுடுங்க" என்று எழுதினான். எல்லாரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு மாலை விழுந்துகொண்டிருந்தது. அவளைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அவளும் எழுதவில்லை.

சாயங்காலம், முப்பத்தஞ்சு பெஞ்சில் இருந்த ஒருவன், இப்போது ஜேசிபி ஓட்டுகிறவன், ஒரு கேள்வி அனுப்பினான்: "அப்ப நாங்களும் மக்கு இல்லீங்களா சார்?"

"தெரியலப்பா. உங்களுக்கு வருமா வராதான்னு நான் கடைசி வரைக்கும் பாக்கவே இல்ல" என்று எழுதினேன். அதற்கு யாரும் கும்பிடு போடவில்லை.

பத்து நாள் கழித்து அவளே போன் செய்தாள். "வெள்ளிக்கிழம சாயந்திரம் சென்டருக்கு வாங்க சார். உங்களுக்குக் கை தட்டச் சொன்னேன்ல, அந்தப் பசங்க முன்னாடி சொல்லணும்."

போய்ச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் எழுதுவதைவிட அது கடினமாக இருந்தது. பிள்ளைகள் கும்பிடு போடவில்லை, கேள்வி கேட்டார்கள்.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் சார் மாத்தல?"

"வெக்கமா இருந்துச்சு."

"அப்ப உங்களுக்கு யாரு பனிஷ்மென்ட் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல."

"நாங்க மட்டும் ஓம் ஒர்க் எழுதலன்னா முட்டி போடுறோமே" என்றது ஒரு குரல். அவள் அதட்டவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அந்த ஐந்து பேரிடம், "மடிச்சு வெச்ச பக்கத்தத் தெறங்கடி" என்றாள்.

அதன் பிறகு அங்கே நடந்ததெல்லாம் அவள் வேலை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து முக்கோணமும் இணைகரமும் வெட்ட வைத்தாள் என்று கேள்விப்பட்டேன். ஒவ்வொரு வடிவத்துக்கும் "எங்கெங்க ஒண்ணா இருக்குது, ஏன் ஒண்ணா இருக்குது" என்று வாயால் சொல்ல வைத்தாளாம். எழுதுவது பிறகுதான். செய்முறைப் பயிற்சிக்கான நேரத்தில் பாதி அதற்குப் போனது.

அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு அவர்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர் எனக்குப் போன் செய்தார். இளைஞர். மரியாதையோடுதான் பேசினார். "சார், அந்தக்கா நல்லாத்தான் ட்ரில் குடுத்துட்டிருந்தாங்க. நீங்க போயி என்னமோ சொல்லி மனச மாத்திட்டீங்க. லிஸ்ட்ல இருந்த அஞ்சுல ரெண்டு பத்தாங்கிளாஸ் புள்ளைங்க இப்ப பெயிலு. மார்ச்ல இப்படி ஆச்சுன்னா மீட்டிங்ல நான்தான் சார் எந்திரிச்சு நிக்கணும்."

அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இரண்டு பேரும் பெண் பிள்ளைகள். மார்ச்சில் தவறினால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். என் மனச்சுமையை இறக்கப் போய் அதை இரண்டு பெண்கள் தலையில் வைத்துவிட்டேனோ என்று பயந்தேன். அவளுக்குப் போன் செய்தேன்.

"தெரியுங்க சார்" என்றாள். "ஒருத்தி முப்பத்தொண்ணு, ஒருத்தி இருவத்தேழு. இருவத்தேழு வாங்கினவ தேற்றத்துக்கு மூணு வரி எழுதியிருக்கா. மனப்பாடம் இல்ல, அவளே எழுதினது. மூணாவது வரி தப்பு. எங்க தப்புன்னு கேட்டேன். அவளே கண்டுபுடிச்சிட்டா."

"பாஸாவணுமேம்மா."

"ஆவணும். படமும் போட வெப்பேன், இதுவும் எழுத வெப்பேன். காலைல ஒரு மணி நேரம் கூட வரச் சொல்லியிருக்கேன்."

"ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பு ஏத்துக்கறேன். அந்த சார்கிட்டயும் சொல்லிடறேன்."



"வேணாங்க சார்" என்றாள். "எங்கப்பாகிட்டயும் இதத்தான் சொன்னீங்க. இந்த ரெண்டு பேரும் என் பொறுப்பு."

"நான் வந்து ஏதாவது செய்யட்டுமா?"

"கூப்பிடறப்ப வாங்க."

இன்னும் கூப்பிடவில்லை. பொதுத் தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கிறது.